கிழக்கு ஜோனுக்கு ரெண்டு சீட்டு

பையை மேல வச்சிரும்மா, மடியில எதுக்குச் சுமந்துக்கிட்டு. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. கமுதி தாண்டுற வரைக்கும் ரோடு வேற ஒரே குலுக்கல். அது என்ன, பையில விசில் தொங்குது? பி.டி. டீச்சரா நீ? அட, நானும் பி.டி.தான். தவமணின்னு பேரு. சாயல்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு லேடீஸ் காலேஜ் இருக்குல்ல, அங்கதான். நீ எங்க சேரப் போறே? தேனிப் பக்கமா? பாஸ்கெட்பால் டீம் இருக்கா அங்க? இருக்கும், இருக்கும். மேற்கு ஜோன்ல இல்லாம வேற எங்க இருக்கப் போகுது.

கோவிச்சுக்காதே. உன்னைச் சொல்லல. நீ இன்னும் போய்ச் சேரவே இல்ல. ஆனா மேற்கு ஜோனுக்குப் போற பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா, அவகிட்ட இதைச் சொல்லாம விட்டா எனக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டுக்கோ. நாளைக்கு உன்னையே கமிட்டியில உக்கார வைப்பாங்க. அப்ப ஞாபகம் வச்சுக்கோ.

நம்ம யூனிவர்சிட்டியில ரெண்டு ஜோன். கடலோரம், அதை ஒட்டி இருக்கிற காலேஜுங்க எல்லாம் கிழக்கு. மலையோரம், பெரிய டவுனுங்க எல்லாம் மேற்கு. ஜோனுக்குள்ள மோதி ஒரு சாம்பியன் வரும். அப்புறம் இன்டர்-ஜோன், அதுல எட்டு டீம். ரெண்டு சாம்பியனும் நேரா உள்ள போயிரும். மிச்ச ஆறு இடம் யாருக்குன்னு கமிட்டி உக்காந்து முடிவு பண்ணும். அந்த இன்டர்-ஜோன்ல ஆடுறவங்கள்ல இருந்துதான் யூனிவர்சிட்டி டீம் எடுப்பாங்க. யூனிவர்சிட்டி டீமுக்கு ஆடிட்டா போலீஸ், ரயில்வேன்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வழி திறக்கும். எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லம்மா. காலையில வேன்ல ஏறி இறால் உரிக்கப் போறதா, காக்கிச் சட்டை போடுறதாங்கிறது அதுலதான் இருக்கு.

அந்த ஆறு இடத்தையும் மேற்குக்கே கொடுத்துருவாங்க. வருஷா வருஷம். கிழக்குல இருந்து சாம்பியன் மட்டும் ஒத்தையா போவும், முதல் மேட்ச்லேயே அடி வாங்கிட்டு வரும். ஏன்யா இப்படின்னு கேட்டா, "போன வருஷம் செமி ஃபைனல்ல நாலு டீமும் மேற்குதானே மேடம்"பாங்க. ஏம்பா, எட்டு டீம்ல ஏழு டீம் மேற்குன்னா செமியில வேற எவ வந்து நிப்பா? நீயே சொல்லு. ஆட விட்டாத்தானே ஜெயிக்க முடியும். ஆட விடாமலே உக்கார வச்சுக்கிட்டு, நீ ஒண்ணும் ஜெயிச்சுக் காட்டலியேன்னா அது என்ன நியாயம்? எத்தனை வருஷம் இதைச் சொல்லியிருப்பேன் தெரியுமா! என் குரலு கட்டைக் குரலா ஆனதே அதனாலதான்.

எங்க ஜோன் சாம்பியன் எப்பவும் ராமநாதபுரம்தான். அதுக்குக் கோச்சு ஸெலின். நானும் அவளும் ஒரே காலத்துல யூனிவர்சிட்டிக்கு ஆடுனவங்க. அவளைக் கேப்டனாப் போட்டாங்க. நான் அதைப் பத்தி ஒண்ணும் பேசல. அவளும் பேசல. அப்படியே பேசாம இருந்துட்டோம். ஜோன் மீட்டிங்குல பாத்தா அவ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம்.

நான் சொல்றது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அந்த வருஷம் என் டீம் மாதிரி ஒரு டீம் எங்க காலேஜ்ல வந்ததே கிடையாது. கேப்டன் கார்த்தியாயினி, காத்தின்னு கூப்பிடுவோம். பந்தை அவ கையில குடுத்துட்டா நான் கண்ணை மூடிக்கலாம். இன்னொருத்தி முனீஸ்வரி, ரிங்குக்குக் கீழ நின்னான்னா அசைக்க முடியாது. அஞ்சு பேரு. மூணு வருஷமா அதே அஞ்சு பேரு. கல்லு மாதிரி டீம். பெஞ்சுல ரெண்டு, மூணு பேரு உண்டு, ஒப்புக்கு. செபஸ்தியம்மாள்னு ஒரு பொண்ணு, மூக்கையூர்க்காரி. செபான்னு கூப்பிடுவோம். நல்ல உயரம். தண்ணி பாட்டில், டவல் எல்லாம் கேக்குறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுப்பா. தங்கமான புள்ள. ப்ராக்டீஸ்ல பந்தைப் போட்டான்னா வலையில உரசற சத்தம் மட்டும்தான் கேக்கும். ஆனா ப்ராக்டீஸ்ல யாரு வேணா போடலாம்மா. மேட்சுங்கிறது வேற. அவ மேட்சே ஆடுனதில்ல, அவளை எப்படி நம்பி இறக்குறது?

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், ஜோன் ஃபைனல். ஸெலினோட டீமை எதிர்த்து. ஒரே ஒரு பாஸ்கெட்ல தோத்தோம். அழல நான். எங்க புள்ளைங்களையும் அழ விடல. இந்த ஆட்டத்தைப் பாத்தவன் எவனும் கிழக்கு சோப்ளாங்கின்னு சொல்ல மாட்டான், வாங்கடின்னு கூட்டிட்டு வந்தேன். மறு வாரம் கமிட்டி. எங்க ஜோன் சார்பா நான்தான் போனேன்.

யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் டைரக்டர் கனகசபாபதின்னு ஒருத்தர். நல்ல மனுஷன்தான், ஆனா காதுல பாதி மேற்குப் பக்கமே திரும்பி இருக்கும். சுத்தி மேற்கு ஆளுங்க. டீ வர்றதுக்கு முன்னாடியே ஆறு டீம் பேரையும் எழுதி முடிச்சிட்டாங்க. நான் எந்திரிச்சேன்.

"சார், எங்க ரெண்டாவது டீமைப் பாத்தீங்களா?"

"ஜோனுக்குள்ள நல்லா ஆடியிருக்காங்க மேடம். இல்லேங்கல. ஆனா உங்க ஜோனுக்குள்ள யாரு வேணா ஜெயிக்கலாம். பெரிய மேட்ச்ல என்ன பண்ணியிருக்கீங்க?"

"பெரிய மேட்சுக்கு விட்டீங்களா சார்?"

"நம்பி எப்படி விடுறது? ஆடிக் காட்டியிருந்தா விடலாம்."

பாத்தியா? பாத்தியா அந்தப் பேச்சை? எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஏறுச்சு. மேசையில கையைத் தட்டிட்டேன். டீ கிளாஸ் ஆடுச்சு. "சார், நீங்க கிழக்கை ஒரு தடவைகூட அளந்து பாக்கல. அளக்காமலே குட்டைன்னு எழுதி வச்சிருக்கீங்க. கொடுக்காத வாய்ப்புல அவங்க ஜெயிக்கலைன்னு எப்படி சார் சொல்லுவீங்க? இது படிச்சவங்க பேசுற பேச்சா?"ன்னு கேட்டுட்டேன். எனக்கே வேலை போயிருமோன்னு இருந்துச்சு.

கனகசபாபதி கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். தொடச்சுக்கிட்டே சொன்னார்: "சரி. எட்டாவது இடம் உங்களுக்கு. ஆனா ஒண்ணு மேடம். கிழக்குல இருந்து ரெண்டு டீமு வருது. ரெண்டும் முதல் ரவுண்டுலேயே வெளியே போச்சுன்னா, இனிமே சாம்பியனோட சரி. அதுக்கப்புறம் இந்த ரூமுல வந்து இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. ஒருத்தராவது ஜெயிச்சா, ரெண்டு சீட்டு நிரந்தரம்."

சரின்னுட்டேன். எங்க ஜோனையே கொண்டுபோய் ஒரு மேட்ச்சுல வச்சிட்டு வந்தேன்.

டோர்னமென்ட் நடந்தது மேற்குல ஒரு பெரிய காலேஜ் இன்டோர் ஸ்டேடியத்துல. மரத்தரை. எங்க புள்ளைங்க சிமெண்டுத் தரையைத் தவிர வேற ஒண்ணையும் மிதிச்சது கிடையாது. ஓடுனா ஷூ வழுக்குது, பந்து நினைச்சதை விட உசரமா எழும்புது. எட்டாவது இடத்துக்கு வந்தவங்க யாரோட மோதணும்? மேற்கு சாம்பியனோட. அதுதான் முதல் மேட்ச். கேலரி முழுக்க அவங்க ஆளுங்க, தட்டு, ட்ரம் எல்லாம் வச்சுக்கிட்டு. எங்களுக்குக் கை தட்ட டிரைவரு ஒருத்தர்தான். அவரும் பீடி குடிக்க வெளியே போயிட்டாரு.

ஆனா ஆடினாளுக பாரு! பாதி ஆட்டம் முடியறப்போ நாங்க முன்னாடி. மேற்குக் கோச்சு மூஞ்சியில ஈயாடல. காத்தி பந்தை எடுத்துட்டுப் போற போக்குல ரெண்டு பேரு மோதிக்கிட்டு விழுறாளுக. கேலரியில ட்ரம் நின்னுபோச்சு. நான் கனகசபாபதியைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். அவரு மேல, முதல் வரிசையில, கன்னத்துல கையை வச்சுக்கிட்டு.

மூணாவது குவார்ட்டர்ல முனீஸ்வரி ரிங்குக்குக் கீழ குதிச்சவ எவளோ காலு மேல வந்து இறங்கிட்டா. கணுக்கால் மடங்கிருச்சு. தூக்கிட்டு வந்து ஐஸ் வச்சு, துணி சுத்தினோம். அவ இடத்துக்கு முதல் வருஷப் பொண்ணு ஒருத்தியை இறக்கினேன், ஜோன் மேட்ச்ல கொஞ்ச நேரம் ஆடியிருக்கா அவ, அனுபவம் உண்டு. செபா எந்திரிச்சா. ஜெர்சிக்கு மேல போட்டிருந்த சட்டையைக் கூடக் கழட்டிட்டா. "நீ உக்காரு"ன்னேன். உக்காந்தா.

அப்புறம் ஒவ்வொரு பாயின்டா கரையுது. நான் என்ன பண்ண? அந்தப் பொண்ணு பந்தைக் கண்டாலே ஒதுங்கறா. மத்த நாலு பேரும் மூச்சு வாங்குறாளுக. அவங்க பக்கம் ஆள் மாத்தி ஆள் மாத்தி புதுக்காலோட இறக்குறாங்க. காத்திக்கு ஃபவுல் மேல ஃபவுல் சேருது. கடைசி நிமிஷம். நாங்க ஒரு பாயின்ட் பின்னாடி. காத்தி எதிராளியை மறிக்கப் போனா, கை பட்டுருச்சு. விசில். அஞ்சாவது ஃபவுல். வெளியே.

என் கேப்டன் வெளியே வர்றா, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு. மேற்குக்காரிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. அதைப் போடுறதுக்கு முன்னாடி காத்தி இடத்துக்கு யாரு? இறக்கியே ஆகணும். ரெஃப்ரி, "மேடம், மேடம்"னு அவசரப்படுத்துறார். பெஞ்சுல முனீஸ்வரி கால்ல துணியோட. பக்கத்துல செபா, நின்னுக்கிட்டு இருக்கா. சட்டையைக் கழட்டுனவ திரும்பிப் போடவே இல்ல போல.

அப்பத்தாம்மா கேலரியில இருந்து ஒரு சத்தம். "தவமணி! அந்த நெட்டைப் பொண்ணை இறக்கு!"

யாருன்னு நினைக்கிறே? ஸெலின். அத்தனை வருஷம் கழிச்சு என்கிட்ட பேசுன முதல் வார்த்தை. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கிட்டு நிக்கிறா. எனக்குத் திக்குன்னுச்சு. அவளுக்கு என் டீமு மேல என்ன அக்கறை? நான் ஜெயிச்சா அவ பேரு கெடும். பச்சைப் புள்ளையை இறக்க வச்சு என்னைக் கவுக்கப் பாக்குறா. அப்படித்தான் தோணுச்சு. உனக்கும் அப்படித்தானே தோணியிருக்கும்?

"முனீஸ், காலு தாங்குமாடி?"ன்னேன்.

அவ செபாவைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. "தாங்கும் மேடம்"னா.

இறக்கினேன். தெரிஞ்ச காலு, நொண்டினாலும் தெரிஞ்ச காலு. மேற்குக்காரி ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் தவற விட்டுட்டா, கடவுள் புண்ணியம். எங்க பந்து. நேரம் ஓடுது. பந்து சுத்தி வந்து, நான் நினைச்ச மாதிரியே முனீஸ்வரி கைக்குத்தான் வந்துச்சு, ரிங்குக்கு நேர் கீழ. எத்தனை தடவை போட்டிருப்பா அந்த இடத்துல இருந்து! எம்பணும், அவ்வளவுதான். எம்பினா. அந்தக் காலு எம்பல. பந்து ரிங்கோட அடியில பட்டு அவ தோள்லேயே வந்து விழுந்துச்சு. மணி அடிச்சிருச்சு.

ஒரு பாயின்ட்.

அந்தத் தரையில முனீஸ்வரி உக்காந்து அழுதது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. சும்மா சொல்லக் கூடாது, மேற்குக்காரங்களே எந்திரிச்சுக் கை தட்டினாங்க. நான் கனகசபாபதியைப் பாத்தேன். அவரு கை தட்டல. பக்கத்துல இருந்தவர்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தார்.

இப்ப என் நெலமையைப் பாரு. நாங்க அவுட்டு. அடுத்து ஸெலின் டீமு. அவளும் தோத்தா கிழக்கோட கதை முடிஞ்சுது, நான்தான் வாய் குடுத்துட்டு வந்தவ. அத்தனை காலேஜ் புள்ளைங்களும் என்னைத்தானே ஏசும்? எங்க புள்ளைங்களை முகம் கழுவிட்டு வரச் சொல்லி, கேலரியில வரிசையா உக்கார வச்சேன். "கத்துங்கடி"ன்னேன். "யாருக்கு மேடம்?"னு காத்தி கேட்டா. "ராமநாதபுரத்துக்கு"ன்னேன். அவளுக்குப் புரியல. "போன மாசம் அவங்ககிட்டத்தானே மேடம் தோத்தோம்?"னா. "இன்னைக்கு அவங்கதான்டி நம்ம"ன்னேன்.

அந்த மேட்சை நான் உக்காந்து பாக்கல. நின்னுக்கிட்டே பாத்தேன். ஸெலின் பத்துப் பேரையும் மாத்தி மாத்தி இறக்கறா. ஒருத்தி ஓடிக் களைச்சா உடனே வேற ஒருத்தி. எனக்குப் பாக்கப் பாக்க எரிச்சலா வந்துச்சு. நிலையா அஞ்சு பேரு இல்லாதவதான் அப்படி ஆடுவா. என்ன டீமோ என்னமோ. ஆனா எரிச்சலோட எரிச்சலா, "போடுடி! போடுடி!"ன்னு நானும்தான் கத்துறேன். முன்னாடி போறாங்க, பின்னாடி வர்றாங்க. கடைசியில ரெண்டு பாஸ்கெட்ல ஜெயிச்சா. செபா என் பக்கத்துல இருந்தா, ஒரு தடவைகூடக் கத்தல. ஸெலினோட பெஞ்சையேதான் பாத்துக்கிட்டு இருந்தா.

ஜெயிச்சதும் நான் இறங்கிப் போய் ஸெலின் முன்னாடி நின்னேன். "ஜோனைக் காப்பாத்திட்டே"ன்னேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டே, "அந்த நெட்டைப் பொண்ணு பேரு என்ன?"ன்னு கேட்டா. நான் ஜோனைப் பத்திப் பேசறேன், அவ அதைக் கேக்குறா. ஸெலின் எப்பவுமே அப்படித்தான், பேச்சு ஒரு பக்கம் போனா அவ ஒரு பக்கம் போவா.

செமியில தோத்துட்டா அவ. பரவாயில்ல. கிழக்குக்கு ரெண்டு சீட்டு நிரந்தரம். நான் வாங்குனது அது. வேன்ல திரும்பி வர்றப்போ புள்ளைங்ககிட்ட அதைத்தான் சொன்னேன். தோத்தாலும் நாம வழி போட்டுட்டோம்டி, இனிமே வர்ற புள்ளைங்களுக்கு நாமதான் கதவைத் திறந்து விட்டோம்னு. எல்லாம் அழுதுக்கிட்டே சிரிச்சாளுக. செபா மட்டும் ஜன்னல்ல தலையைச் சாச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன்.

"என்ன செபா?"

"நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன் மேடம்."

"பாத்தேன்டி. அந்த நேரத்துல உன்னை எப்படி இறக்க முடியும், சொல்லு. ஆடிப் பழக்கம் இல்லாதவ. அடுத்த வருஷம் பாப்போம்."

"நான் மூணாவது வருஷம் மேடம்"னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. நாள் எப்படி ஓடுது பாரு! நான் அவளை ரெண்டாவது வருஷம்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். வழியில பரோட்டாக் கடையில நிறுத்தி எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணு கூடவே வச்சேன். புள்ளைங்கன்னா எனக்கு உசுரும்மா. யாரை வேணா கேட்டுப் பாரு.

அப்புறம் அவ எம்.ஏ. படிக்க ராமநாதபுரத்துல சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். ஸெலின் வீடு தேடிப் போயிருக்கா, மூக்கையூருக்கே. அவங்க அய்யா கடலுக்குப் போயிருந்தாராம், கரையில வலைக்குப் பக்கத்துல உக்காந்து அவரு வர்ற வரைக்கும் காத்திருந்து பேசிட்டு வந்திருக்கா. நான் வளத்த புள்ளையை அவ தூக்கிட்டுப் போனா. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லல. ஜோனுக்குள்ளதானேன்னு இருந்துட்டேன்.

போன வருஷம் ஜோன் செமி. நானும் ஸெலினும். ஆட்டம் ஆரம்பிக்கறப்போ அஞ்சு பேருல ஒருத்தியா செபா நிக்கிறா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, ஸெலினுக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு. அப்புறம் சிரிக்கல. மேல இருந்து பந்தை எடுக்குறா, தூரத்துல இருந்து போடுறா, எங்க முனீஸ்வரிக்கு அடுத்து வந்தவ கோர்ட்டுல இருக்காளான்னே தேட வச்சிட்டா. வலையில உரசற அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. எங்க டீம் ஃபைனலுக்கே போகல. பரமக்குடி ரெண்டாவதா வந்துச்சு.

கமிட்டிக்குப் போறேன். கனகசபாபதி என்னைப் பாத்து எந்திரிச்சே நின்னார். "வாங்க மேடம். சொன்னபடி கிழக்குக்கு ரெண்டு. சாம்பியனும் பரமக்குடியும்"னார். நான், "சார், எங்க டீமு?"ன்னேன். "மேடம், நீங்கதானே சொன்னீங்க, கிழக்கு லேசுப்பட்டதில்லன்னு. இப்ப அங்க போட்டி ஜாஸ்தி ஆயிப்போச்சு. உங்க டீமு போன வருஷம் முதல் ரவுண்டுலேயே அவுட்டு வேற."

நான் சண்டை போட்டு வாங்குன சீட்டும்மா அது! அதுல பரமக்குடிக்காரி போய் உக்காந்தா. எங்க புள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்ல? மூணு பேருக்குக் கடைசி வருஷம். ஒருத்தி சொன்னா, "மேடம், அப்போ நாமதான் ஜோனை ஸ்ட்ராங்கு ஆக்கினோம், இப்ப நமக்கே இடம் இல்லியா?" போய் ஓடுங்கடி, கிரவுண்டை ரெண்டு சுத்துன்னேன்.

ஆனா இன்டர்-ஜோனுக்குப் போனேன், தெரியுமா? டீம் இல்லாம, தனியா, பஸ் ஏறி. என் ஜோன் ஆடுறப்போ நான் வீட்டுல இருக்க முடியுமா? பரமக்குடி முதல் மேட்சை ஜெயிச்சுது. ஸெலின் ஃபைனலுக்கே வந்துட்டா, அதே மேற்கு சாம்பியனை எதிர்த்து. கிழக்குல இருந்து ஃபைனலுக்கு ஒரு டீம் வந்ததே இல்லம்மா. அந்தக் கேலரியில அன்னைக்கு எங்களுக்கும் ஆளு இருந்துச்சு, ஒரு மூலை நெறைய.

கடைசி வரைக்கும் இழுபறி. சமமா நிக்குது. நேரம் இருக்கிறதோ ஒரு மூச்சு விடுற நேரம். பந்து சின்னப் பொண்ணு ஒருத்தி கையில, அவ தானே போடலாமான்னு பாக்குறா. செபா அந்தப் பக்கம் மறிக்க ஆளில்லாம நிக்கிறா, கையைக்கூட தூக்கல. சும்மா நிக்கிறா. நான் நாற்காலி மேல ஏறிட்டேன். என்ன கத்தினேன்னு எனக்கே தெரியல, தொண்டை கிழிஞ்சுது. அந்தச் சின்னப் பொண்ணு பந்தைத் தள்ளிட்டா. செபா வாங்கினா, நின்னா, போட்டா. சத்தம்கூட வரல. வலை மட்டும் அசைஞ்சுது.

கிழக்குதான் இன்டர்-ஜோன் சாம்பியன்! பக்கத்துல யாரு எவருன்னு பாக்காம கட்டிப் புடிச்சுக்கிட்டேன். கனகசபாபதி மேடையில இருந்து என்னைப் பாத்துக் கையைத் தூக்கினார். இந்த வருஷம் கிழக்குக்கு மூணு சீட்டு. செபாவை யூனிவர்சிட்டி டீமுக்கு எடுத்துட்டாங்க. ரயில்வேயில கூப்பிட்டுட்டதாக் கூட பேச்சு.

மெடல் வாங்கினதுக்கப்புறம் அவளே என்னைத் தேடி கேலரிக்கு ஏறி வந்தா. வேர்வை சொட்டுது. நான் அவ கன்னத்தைப் புடிச்சு, "ஜோன் பேரைக் காப்பாத்திட்டியேடி, நான் கத்துனது கேட்டுச்சா?"ன்னேன்.

"கேட்டுச்சு மேடம். அவ்வளவு சத்தத்துலயும் உங்க குரல் தனியாக் கேட்டுச்சு."

"ஜோன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன்."

"இல்ல மேடம். 'செபாகிட்ட குடு, அவளுக்குக் குடு பந்தை'ன்னு கத்துனீங்க." மெடலைக் கையில சுத்திக்கிட்டே சொன்னா. "அதைக் கேக்கத்தான் மேடம் மூணு வருஷம் அங்க உக்காந்திருந்தேன்."

அப்படிச் சொல்லிட்டு சிரிச்சா. கோவமெல்லாம் இல்ல. என் கையைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு, கீழ ஸெலின் கூப்பிடவும் ரெண்டு ரெண்டு படியா இறங்கிப் போயிட்டா. நான் நாற்காலியில உக்காந்துட்டேன். எல்லாரும் கீழ ஃபோட்டோ எடுக்குறாங்க. எனக்கு எந்திரிச்சுப் போகவே தோணல. ஏன்னு தெரியல. காலு வலியா இருக்கும், நாற்காலி மேல நின்னதுல.

நன்றி சொல்லிட்டுத்தான் போனா அவ, இல்லியா? நம்ம பேச்சுல அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு? ஒரு வருஷமா யோசிக்கிறேன், வேற ஒண்ணும் தோணல. முந்தாநாள் ப்ராக்டீஸ்ல பெஞ்சைப் பாத்தேன். ரெண்டு புள்ளைங்க எந்திரிச்சு நின்னுச்சுங்க, நான் கூப்பிடுறேன்னு நினைச்சுக்கிட்டு. தண்ணி கேட்டேன், எடுத்துக் குடுத்துச்சுங்க.

நீ படிச்சவ, சின்ன வயசு. நீ சொல்லும்மா, நன்றிதானே அது? ஏன், என்னத்துக்கு என்னை அப்படிப் பாக்குறே?